முழம் போட்டு வெட்டிய கேபிள்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் உட்கார்ந்துகொண்டு தீபத்தை டிவியில் பார்க்கிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மொட்டை மாடிக்கு ஏறினால் மலையே எதிரில் நிற்கிறது, டிவி எதற்கு? காரணம் அம்மாவின் முழங்கால். மாடிப்படி ஏற முடியாது. ஆகவே மலையை வீட்டுக்குள் இறக்கித் தரும் வேலை, மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்கும் அதிலிருந்து வரும் கறுப்பு வயருக்கும்.

ஒரு வருஷம் சரியாக ஐந்தே முக்காலுக்கு அந்த வயர் காலை வாரியது. ஆறு மணிக்குக் கொப்பரையில் தீபம் ஏற வேண்டும். திரையில் கோபுரம் பாதி, கூட்டம் பாதி. "இன்னாப்பா, மலையே கட்டங் கட்டமா பூடுச்சி" என்றார் அம்மா. லேசான தூறல்தான், பக்கத்து வீட்டு டிவியில் படம் தெளிவாக ஓடியது. ஆக, குற்றம் வானத்தில் இல்லை, எங்கள் மாடியில். அம்மா அந்த வருஷ தீபத்தைப் பக்கத்து வீட்டில்தான் பார்த்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கடையில் இரண்டு முனையிலும் பின் வைத்தே விற்ற 20 மீட்டர் வயர் அது. எங்களுக்குத் தேவை 13. மீதியைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தோம். அந்தச் சுருளைக் குரங்குகள் ஊஞ்சலாக வைத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் அறுத்தும் விட்டன. அறுந்த இடத்தில் நானே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். டேப்பைப் பிரித்தால் உள்ளே பித்தளைக் குடத்தின் அடியில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு.

கோயில் வாசலில் பூ வாங்கும்போது நமக்கு வேண்டிய முழம்தானே வாங்குகிறோம்? வயரையும் அப்படியே வாங்கி, முனைகளை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அரை மணி நேர வேலை. ஆனால் எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் நிற்கும். அதனால் முதலில் அந்த வயருக்குள் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம்.

ஒரு துண்டு வயரைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கடையில் 'ஆர்ஜி-6' அல்லது 'டிஷ் வயர்' என்று கேட்டால் கிடைப்பதுதான். வாழைத்தண்டை வெட்டினது போல வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். நடுவில் ஒரு கம்பி, சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக். அதன்மேல் பளபளவென்று அலுமினிய ஃபாயில். அதற்கும் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை. கடைசியில் கறுப்புத் தோல். இந்த வட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மையம், ஒரே அச்சு. கோஆக்சியல் என்ற பெயர் அதனால்தான்.

நடுக்கம்பியிலிருந்து தொடங்குவோம். செம்பு போல மின்னினாலும் பெரும்பாலான டிஷ் வயர்களில் அது செம்பு பூசிய எஃகு. ஏமாற்றுவேலை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். காயைச் சீவும்போது அம்மா சொல்வார், தோலை ஒட்டித்தான் சத்து இருக்கிறது, தடிமனாகச் சீவாதே என்று. இந்தக் கம்பியும் அப்படித்தான். டிவி சிக்னல் போன்ற அதிவேகமாக அதிரும் அலைகளின் மின்னோட்டம் கம்பியின் வயிற்றுக்குள் போவதே இல்லை, மேல்தோலோடு ஓடிவிடும். நூறு கோடி ஹெர்ட்ஸ் அலை செம்புக்குள் இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால் தோலுக்குச் செம்பு, உள்ளே விறைப்புக்கு எஃகு. இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள். தோல் சீவும் இடத்தில் மறுபடி வரும்.

அடுத்து அந்த வெள்ளைப் பிளாஸ்டிக். நகத்தால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். அது ஒரு இட்லி. புளித்த மாவுக்குள் வாயு உண்டாகி இட்லி பூப்பது போல, பாலிஎத்திலீனுக்குள் வாயுவைச் செலுத்தி நுரைக்க வைத்திருக்கிறார்கள். காற்று எவ்வளவு அதிகமோ அலைக்கு அவ்வளவு சுலபம். வெற்று வெளியில் ஒளி போகும் வேகத்தில் ஐந்தில் நாலு பங்குக்குச் சற்று மேலேயே இதற்குள் அலை ஓடும். அந்த வேகத்துக்கு நம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒரு நொடியில் பதினேழாயிரம் தடவைக்கு மேல் சுற்றிவிடலாம்.

வயரில் நாம் காசு கொடுத்து வாங்கும் முக்கியமான சரக்கு இந்த இட்லிதான் என்பேன். பலரும் கம்பிதான் சிக்னலைச் சுமக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அலை ஓடுவது நடுக்கம்பிக்கும் ஃபாயிலுக்கும் இடையிலுள்ள வெள்ளைச் சந்தில். இரண்டு உலோகங்களும் அதற்குக் கரைகள். ஊர்ப் பெயரிலேயே 'கால்' இருப்பதால் வாய்க்காலையே உதாரணமாகச் சொல்கிறேன். ஒரே அகலம், ஒரே ஆழமாக வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். நடுவில் யாராவது கல்லைப் போட்டுக் குறுக்கினால், தண்ணீர் அங்கே முட்டும். கொஞ்சம் பின்னால் திரும்பும். வயருக்குள்ளும் அதே கதை. நடுக்கம்பி 1.02 மில்லிமீட்டர், வெள்ளைப் பிளாஸ்டிக்கின் குறுக்களவு 4.57. அதாவது ஒன்றுக்கு நாலரை. இந்த விகிதமும் இட்லியின் காற்றும் சேர்ந்துதான் வயரின் மேல் அச்சிட்டிருக்கும் '75 ஓம்' என்ற எண்ணைத் தருகின்றன. ஓம் என்றிருக்கிறதே என்று மல்டிமீட்டர் வைத்து அளக்காதீர்கள், வராது. அது ஓடும் அலை உணரும் வாய்க்கால் அளவு. வயரை மடக்கி நசுக்கினாலும், ஆணி க்ளிப்பை ஓங்கி அடித்துப் பிதுக்கினாலும், முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினாலும், அந்த இடத்தில் விகிதம் கெடும், அலை முட்டித் திரும்பும். பழைய டிவியில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கதாநாயகன் நின்றதற்கு இப்படித் திரும்பி வந்த அலையும் ஒரு காரணம்.

டிஜிட்டல் வந்த பிறகு அந்த நிழல் ஆள் இல்லை. இப்போது பால் திரிவது போலத்தான் நடக்கும். எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விழுந்தாலும் ஓர் எல்லைவரை பால் பாலாகவே இருக்கும். ஒரு சொட்டு கூடினதும் மொத்தமும் திரிந்துவிடும். சிக்னல் மெல்ல மெல்லக் குறைந்தாலும் படம் சுத்தமாகவே தெரியும். எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடையும். எங்கள் டேப் சுற்றிய ஜாயின்ட் பல மாதமாகக் களிம்பேறியிருக்க வேண்டும். அன்றைய தூறல் கடைசிச் சொட்டு.

ஃபாயிலும் வலையும் ஏன் இரண்டு? சோற்றுப் பொட்டலத்தை ஃபாயிலில் கட்டினால் மணம் வெளியே போகாது, தூசு உள்ளே வராது. அதுபோல ஃபாயில் முழு மூடி. உள்ளிருக்கும் அலை வெளியே கசியாமலும், செல்போன் கோபுரத்து அலை, மிக்சி கிளப்பும் இரைச்சல் எல்லாம் உள்ளே நுழையாமலும் தடுக்கும். ஆனால் ஃபாயில் எளிதில் கிழியும், அதைப் பிடித்துக்கொண்டு எதையும் இறுக்க முடியாது. அதனால் மேலே கம்பி வலை. விலை மலிவான வயரில் இந்த வலையில்தான் கை வைப்பார்கள். நாலைந்து கம்பியை ஓட்டிவிட்டு வலை என்பார்கள். வாங்கும்முன் ஒரு முனையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாடு புதிதொன்றுமில்லை. இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைட் 1880-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் எஸ்பன்ஷீட், அஃபெல் என்ற இரண்டு பொறியாளர்கள் பல அலைவரிசைகளை ஒன்றாக அனுப்பத்தக்க கோஆக்சியல் வயருக்கு 1929-ல் விண்ணப்பித்தார்கள். நம் பக்கம் இது தெருவெங்கும் தொங்கத் தொடங்கியது 1990-களின் கேபிள் டிவி காலத்தில். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளும் அதை ஊர் ஊராக, வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. கேபிள்காரர் கம்பத்துப் பெட்டி வரைக்கும் ஃபைபர் இழுத்தாலும், பல வீடுகளில் அங்கிருந்து வரவேற்பறை வரையிலான கடைசித் தூரம் இன்னும் இந்தக் கறுப்பு வயர்தான். டிஷ் வைத்த வீட்டில் முழுத் தூரமும் இதுவே.

டிஷ் வீட்டில் இன்னொரு சங்கதி உண்டு. வயரில் பால் கீழே வருகிறது, தீனி மேலே போகிறது. டிஷ்ஷின் முன்னால் கொண்டை போல நீட்டியிருக்கும் எல்என்பிக்கு மின்சாரம், செட்டாப் பாக்ஸிலிருந்து இதே நடுக்கம்பி வழியாக 13 அல்லது 18 வோல்ட்டாக ஏறுகிறது. எல்என்பி வானத்திலிருந்து பிடித்த அலையைக் குறைந்த அலைவரிசைக்கு மாற்றி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் கீழே அனுப்புகிறது. ஆகவே வயரில் கை வைக்கும் முன் செட்டாப் பாக்ஸின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில பெட்டிகளில் வயரின் உலோகத்தைத் தொட்டாலே சுள்ளென்று ஒரு கடி கடிக்கும். இடி மின்னல் நாளில் மாடிப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது அளவு. ஆர்ஜி-6 வயரில் 2000 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகும் அலை, 10 மீட்டரில் சுமார் பாதியாகிவிடும், 20 மீட்டரில் கால்வாசி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது போல, தூரம் கூடக்கூடச் சிந்தும். எல்என்பி தாராளமாக அனுப்புவதால் சாதாரண வீட்டுக்கு இது பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஆணியில் தொங்கும் சுருளுக்காக எதற்குச் சிந்த வேண்டும்? ஒரு நூல்கயிற்றை எடுத்து, டிஷ்ஷிலிருந்து சுவரோரமாக, ஜன்னல் வழியாக, டிவி வரை வயர் போகப்போகும் வழியிலேயே பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரு முழம் சேருங்கள். பூக்காரம்மா கொசுறு விடுவது போல. முனை கட்டுவதில் ஒன்றிரண்டு தப்பும், தப்பினால் வெட்டிவிட்டு மறுபடி கட்ட அந்த முழம் வேண்டும்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். வயர், கம்ப்ரெஷன் வகை எஃப் கனெக்டர், இரட்டை பிளேடு வைத்த கேபிள் ஸ்ட்ரிப்பர், கனெக்டரை அழுத்தும் கைக்கருவி. கனெக்டர் ஆர்ஜி-6-க்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்ஜி-59 என்று சற்று ஒல்லியான வயர் ஒன்றும் உண்டு. அதற்கும் இதற்கும் சேராது, சித்தப்பா சட்டையை அண்ணன் மகன் போட்டது போல ஆகும்.

முதலில் முனையை நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் பின்னால் எல்லாமே சாய்வு. பிறகு ஸ்ட்ரிப்பரின் வாயைத் திறந்து வயரை வைத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு பிளேடுகளில் ஒன்று ஆழமாக நடுக்கம்பி வரைக்கும் போகும். இன்னொன்று கறுப்புத் தோலை மட்டும் வெட்டும். கழற்றி இழுத்தால், நுனியில் கால் அங்குலத்துக்கு வெறும் கம்பி, அதையடுத்துக் கால் அங்குலத்துக்கு வலை என்று இரண்டு படிகளாக வரும். கத்தியிலும் செய்யலாம்தான். ஆனால் கத்தி நடுக்கம்பியைக் கீறிவிடும். அந்தச் சத்துள்ள செம்புத் தோல் போனால் அடியில் எஃகு. ஈரம் பட்டால் துரு. கம்பியைக் கீறிவிட்டீர்கள் என்று சந்தேகம் வந்தாலே வெட்டியெறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கொசுறு முழம் இதற்குத்தான்.

அடுத்து, முழுக்கைச் சட்டைக்காரர் பந்தியில் உட்காரும் முன் கையை மடித்து விடுவது போல, வலையைப் பின்னால் கறுப்புத் தோலின்மேல் மடித்து விடுங்கள். ஃபாயிலை மடிக்க வேண்டாம், அது வெள்ளைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டியே இருக்கட்டும். இப்போது வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள். வலையின் ஒற்றைக் கம்பியிழை நுனிப்பக்கம் நீட்டிக்கொண்டு நடுக்கம்பியைத் தொட்டால் போதும், எல்லாம் போச்சு. சோற்றில் ஒரு முடி கிடந்தால் இலையையே தள்ளிவிடுவோம் இல்லையா, அந்த மாதிரி. மேலே போகும் மின்சாரம் அந்த இழை வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும், எல்என்பி பட்டினி.

பிறகு கனெக்டர். அதற்குள் எட்டிப் பார்த்தால் மெல்லிய குழாய் ஒன்று தெரியும். இட்லித்தட்டில் இட்லியின் ஓரமாகக் கரண்டிக் காம்பை விடுவோமே, அந்த வேலைதான் இதற்கு. ஃபாயிலுக்கும் வலைக்கும் நடுவே அது நுழைய வேண்டும். இட்லி குழாய்க்கு உள்ளே, வலையும் தோலும் குழாய்க்கு வெளியே. நேராகப் பிடித்து, லேசாகத் திருகியபடி அழுத்தமாகத் தள்ளுங்கள். புது வயர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முன்பக்கம் நட்டுக்குள் பாருங்கள்: வெள்ளைப் பிளாஸ்டிக், உள்தரையோடு சமமாக வந்து நிற்க வேண்டும். பள்ளமாக இருந்தால் இன்னும் தள்ளுங்கள். வாய்க்கால் கடைசி அங்குலம் வரை அதே அளவில் வந்து சேர்ந்தது என்பதற்கு இதுதான் அடையாளம். கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் போதும், அதிகமிருந்தால் நறுக்குங்கள்.

நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியே ஊசி என்பதைக் கவனித்தீர்களா? இந்தக் கனெக்டருக்கென்று தனியாக ஊசி கிடையாது. இலையே தட்டாகிவிடும் விருந்து போல, வயரின் கம்பியே பெட்டிக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். 1950-களில் அமெரிக்காவின் ஜெரால்ட் நிறுவனத்தில் எரிக் வின்ஸ்டன் இதை வடிவமைத்தார். இவ்வளவு மலிவாக, இத்தனை வருஷம் நீடித்ததற்கு அந்தச் சிக்கனம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அழுத்த வேண்டியதுதான். கனெக்டர்கள் பொதுவாக மூன்று வகை. கையால் திருகி மாட்டுவது ஒன்று; மரை தேய்ந்த ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி, ஒரு மழைக்காலம் தாங்குவது சந்தேகம். பக்கவாட்டில் நசுக்கும் கிரிம்பிங் வகை இன்னொன்று. இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிப்பது போலச் சில இடத்தில் கடித்துக்கொள்ளும், நடுவே சந்து இருக்கும், சந்தில் தண்ணீர் புகும். கம்ப்ரெஷன் வகை, உலக்கைக்குப் பூண் மாட்டுவது போல. கனெக்டரின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வளையத்தை, கைக்கருவி முறுக்கு அச்சு பிழிவது போல நீளவாக்கில் உள்ளே தள்ளும். வளையம் உள்ளே போகப்போக வழி குறுகுவதால், வலையையும் தோலையும் அந்த மெல்லிய குழாயோடு சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கும். சந்து இல்லை. கருவியின் கைப்பிடி முழுதாக மூடும்வரை அமுக்குங்கள். இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

இரண்டு முனையும் கட்டியாயிற்றா? மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை நடுக்கம்பியிலும் இன்னொன்றை நட்டிலும் தொடுங்கள். சத்தம் வரக் கூடாது. வந்தால் எங்கோ அந்த முடி கிடக்கிறது. பிறகு மறுமுனையில் நட்டையும் கம்பியையும் ஒரு ஊக்கால் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு இந்த முனையில் தொடுங்கள். இப்போது சத்தம் வர வேண்டும். ஊக்கைப் பிடித்திருப்பவர் டிவி வேலை செய்கிறதா என்று அதற்குள் பத்து தடவை கேட்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஒன்று. மழைநீர் வயரோடு வழிந்து நேரே ஜன்னலுக்குள் வராதபடி, நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் வயரைத் தொங்கவிட்டு ஒரு சிறு தொட்டில் போல வளையுங்கள். தண்ணீர் அங்கே சொட்டிவிடும். டிஷ் பக்கத்து முனைக்கு ரப்பர் உறை போடுங்கள். திருவண்ணாமலைக்காரர்களுக்குத் திரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கம்பி வலையும் ஒரு திரிதான். ஒரு முனையில் ஈரம் பட்டால் எண்ணெய் ஏறுவது போல வயர் நெடுகிலும் ஏறிவிடும். அப்புறம் முனையை மட்டும் வெட்டிப் புதுப்பித்துப் பயனில்லை. வளைவுகளில் வயரை ஒடித்து மடக்காமல், ஒரு டம்ளரைச் சுற்றி வருகிற வட்டத்தை விடக் கொஞ்சம் பெரிதாகவே திருப்புங்கள், இட்லி நசுங்காது.

எங்கள் வீட்டில் 13 மீட்டர் புது வயர் சுவரோரமாக, சுருள் இல்லாமல், ஜாயின்ட் இல்லாமல் இறங்கியது. முதல் கனெக்டர் இரண்டைக் கெடுத்துத்தான் மூன்றாவதைச் சரியாகக் கட்டினேன். அடுத்த கார்த்திகையில் மழை கொட்டியபோதும் அம்மாவின் மலை முழுசாகவே இருந்தது.

பழைய வயரில் ஆணியில் தொங்கிய 7 மீட்டரை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே எஃகு இருக்கிறதென்று நான் சொன்னதை மறக்கவில்லை. துணி காயப்போட நல்ல கொடியாம். கட்டிய மறுநாளே குரங்குகள் வந்து ஆடிப் பார்த்துவிட்டன.